மவுசாக்கலையில் மூன்று முறை பேட்டரி மாற்றினோம்

2023 பெப்ரவரி. காலை ஏழரை மணி இருக்கும். மஸ்கெலியாவில் உள்ள மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் நடுவில், எந்தக் கரைக்குப் போனாலும் ஒரே தூரம் என்ற இடத்தில், எங்கள் படகின் மின்மோட்டார் முனகி முனகி நின்றது. படகில் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஆறு வயதுப் பெண்பிள்ளை. சிவனொளிபாதமலையின் உச்சி அப்போதுதான் மேகத்தை விட்டு வெளியே வந்திருந்தது. மூவரும் அதைப் பார்த்தபடி இருந்தார்கள். சரி, பெற்றோல் எஞ்சினில் கரைக்குப் போய்விடலாம் என்று சாவியைத் திருகினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடி திருகினேன். அதே ‘டக்’. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் ஏற்பாடு முந்தின மாதமே பழுதாகி, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தோம்.

மச்சான் ஒரு துடுப்பு, நான் ஒரு துடுப்பு. எதிர்க்காற்றில் கரை சேர ஐம்பது நிமிடம் ஆனது. எல்லோரும் லைஃப் ஜக்கெட் போட்டிருந்தார்கள், ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கரை வரும்வரை அம்மாவின் கையை விடவே இல்லை. அது என் மனதில் நின்றுவிட்டது. பேட்டரி விஷயத்தை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

எங்கள் படகு 18 அடி ஃபைபர் படகு. பின்னால் 25 குதிரைவலு பெற்றோல் எஞ்சின். 2022இல் பெற்றோலுக்கு வரிசை, அப்புறம் கியூஆர் முறை, வாரத்துக்கு இத்தனை லீற்றர்தான் என்று வந்தபோது, பங்களாவில் தங்குபவர்களை மெதுவாகச் சுற்றிக் காட்டுவதற்கென்று 12 வோல்ட் மின்மோட்டார் ஒன்றைச் சேர்த்தோம். 55 பவுண்ட் தள்ளுவிசை. சத்தமே இல்லை, பறவைகள் எழுந்து பறப்பதில்லை. வந்தவர்களுக்கு அதுதான் பிடித்தது. பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதையே வைத்துக்கொண்டோம்.

அதற்கு என்ன பேட்டரி வாங்குவது என்று டவுனில் கேட்டபோது, லொறிக்குப் போடும் 100 ஆம்பியர் மணி (ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஆம்பியர் மணி) பேட்டரியைக் காட்டி, இது எதையும் தாங்கும் என்றார்கள். வாங்கினோம். எஞ்சினின் பழைய பேட்டரியோடு சேர்த்து இணைத்தும் விட்டோம், இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலம் என்ற நினைப்பில். ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. நடுத்தண்ணீரில் மோட்டாரும் எஞ்சினும் ஒன்றாகப் படுத்ததற்குக் காரணம் அந்த இணைப்புதான். மோட்டார் இரண்டு பேட்டரியையும் சேர்த்துக் குடித்து முடித்திருந்தது.

பகல் முழுக்க லொறி பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு, அன்று மாலை பெரியப்பாவைக் கூட்டி வந்தேன். தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் ரூமில் முப்பது வருடம் வேலை செய்தவர், ஜெனரேட்டர் பேட்டரிகளோடேயே வாழ்ந்தவர். நான் மீட்டரை வைத்து, “பெரியப்பா, 12.4 காட்டுது, நல்லாத்தானே இருக்கு?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பழைய லொறி ஹெட்லைட் பல்பை எடுத்து இரண்டு முனையிலும் தொட்டார். பல்பு மஞ்சளாக எரிந்தது, மீட்டர் 10க்குக் கீழே இறங்கியது. அப்புறம் மூடிகளைக் கழற்றி, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லாக விட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எழும்பி நிற்கும் உயரத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். ஐந்து செல்லில் 1.240, 1.250 என்று நின்றது. நான்காவது செல்லில் மிதவை அடியில் படுத்துக்கொண்டது, 1.120.

“ஒரு செல் செத்துப் போச்சுப்பா. மத்த அஞ்சும் அதை இழுத்துக்கிட்டுத்தான் ஓடணும். சும்மா வச்சு வோல்ட் பாத்தா தெரியாது. வேலை குடுத்துப் பாக்கணும்,” என்றார்.

முழுதாக சார்ஜ் ஆன நல்ல ஈய அமில பேட்டரி ஹைட்ரோமீட்டரில் 1.265 அளவில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால் 12.7 வோல்ட். 12.2க்கு வந்தால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். இந்த இரண்டு எண்ணையும் நான் படகின் பெட்டி மூடியின் உட்பக்கம் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

லொறி பேட்டரி ஏன் செத்தது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இரண்டு விநாடிதான். கணக்குப் போட்டால் 0.1 ஆம்பியர் மணிகூட வராது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது திரும்ப நிரம்பிவிடும். அந்த வேலைக்காக உள்ளே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள், ஒரே நொடியில் நிறைய மின்சாரம் கொடுப்பதற்கு. மின்மோட்டார் கேட்பது வேறு. 20 ஆம்பியர், மணிக்கணக்கில். அதற்குத் தடித்த தகடு வேண்டும், அதைத்தான் டீப் சைக்கிள் என்கிறார்கள். பத்துக் காலடி வேகமாக ஓடுகிறவரிடம் நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமக்கச் சொன்னால் எப்படி? எங்கள் பேட்டரியிடம் தினமும் அதைத்தான் கேட்டோம். மெல்லிய தகட்டை ஆழமாகக் காலி பண்ணப் பண்ண அதன் பூச்சு உதிர்ந்து அடியில் சேரும். காலியாகவே கிடந்தால் தகட்டின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். எங்களுடையதில் இரண்டும் நடந்தது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பேட்டரிக்கு என்ன வேலை என்பது. எஞ்சினுக்கு ஒன்று, மோட்டாருக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக இணைக்கவே கூடாது. எஞ்சின் பேட்டரியை மற்ற எதுவும் தொடாமல் இருந்தால்தான் நடுத்தண்ணீரில் அது உங்களைக் கரை சேர்க்கும்.

அடுத்தது எவ்வளவு பெரியது என்பது. கடைக்குப் போகும் முன் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு சுற்று 40 நிமிடம். சராசரி 20 ஆம்பியர். அப்படியென்றால் 13 ஆம்பியர் மணி. நல்ல நாளில் நாலு சுற்று, 53. மாலைக் காற்றில் திரும்பும்போது கொஞ்சம் அதிகம் இழுக்கும், 65 என்று வைத்தோம். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் ஆயுள் குறையும். ஆகவே 130 வேண்டும். இங்கே இன்னொரு விஷயம்: குளிர். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் அளவு 25 டிகிரிச் சூட்டுக்கானது. மார்கழி, தை விடியலில் இங்கே 15 டிகிரிக்குக் கீழே போகும். அப்போது பத்தில் ஒரு பங்கு குறைவாகவே கொடுக்கும். வயதாக வயதாக இன்னும் குறையும். 150க்குக் கீழே போகக் கூடாது என்று முடிவானது. 100 ஆம்பியர் மணி லொறி பேட்டரி எப்படித் தாங்கும்?

எழுதியிருக்கும் 100 என்பதையும் அப்படியே நம்பக் கூடாது. அது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு, அதாவது 5 ஆம்பியர் வீதம். எங்கள் மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் 50 ஆம்பியர் இழுக்கும். அப்போது இரண்டு மணி நேரம் ஓடும் என்று நினைத்தால் தவறு, ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே பெரிது. வேகமாக இழுக்க இழுக்க மொத்தமே சுருங்கும். பாதி வேகத்தில் போவதே பேட்டரிக்கும் நல்லது, பார்க்க வந்தவர்களுக்கும் நல்லது.

எஞ்சின் பேட்டரி வாங்கும்போது வேறு எண்களைப் பார்க்க வேண்டும். சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி கொடுக்கக்கூடிய ஆம்பியர். எம்சிஏ என்பது 0 டிகிரியில் அளந்தது, அதனால் அதே பேட்டரிக்குக் கால் பங்கு கூடுதலாகவே காட்டும். ஒன்றில் 600 சிசிஏ, பக்கத்தில் இருப்பதில் 700 எம்சிஏ என்று போட்டிருந்தால் 600தான் பெரியது. எஞ்சின் புத்தகத்தில் குறைந்தபட்ச அளவு இருக்கும், அதற்குக் குறையாமல் எடுங்கள். ஜப்பான் முறையில் 80டி26எல் என்று எழுதியிருப்பதை 80 ஆம்பியர் மணி என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த 80 ஒரு திறன் வரிசை எண், 26 என்பது சென்டிமீட்டரில் நீளம், கடைசி எழுத்து முனை எந்தப் பக்கம் என்பதற்கு. முனை மாறிப்போனால் வயர் எட்டாது.

கடையில் இன்னும் இரண்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒன்று, செய்த தேதி. பேட்டரி கடைத் தட்டில் சும்மா இருந்தாலே கிழடாகும், ஆறு மாதத்துக்கு மேல் பழையதை நான் எடுப்பதில்லை. இரண்டாவது, மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் வேறு ஒன்றைக் கேளுங்கள். பெரியப்பா செய்தது போல லோட் கொடுத்துப் பார்க்கும் கருவி கடையில் இருந்தால் இன்னும் நல்லது.

2023 மார்ச்சில் டீப் சைக்கிள் பேட்டரி இரண்டு வாங்கினோம், ஒவ்வொன்றும் 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி, தண்ணீர் ஊற்றும் வகை. ஒரே கடை, ஒரே மாதத் தேதி. பக்க இணைப்பில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போடும்போது பழையதையும் புதியதையும் கலந்தால் பழையது புதியதையும் கீழே இழுக்கும். பிளஸ் வயரை முதல் பேட்டரியிலிருந்தும், மைனஸ் வயரை இரண்டாவது பேட்டரியிலிருந்தும் எடுத்தோம், அப்போதுதான் இரண்டும் ஒரே அளவில் வேலை செய்யும். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் பிரேக்கர். இறக்கை நட்டு படகின் அதிர்வில் தளர்ந்துவிடும், அதனால் உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டுப் போட்டோம்.

உண்மையைச் சொன்னால் அந்த இரண்டும் நல்ல பேட்டரிகள். இரண்டு வருடம் நன்றாக உழைத்தன. எங்களுக்குக் கஷ்டம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. படகைக் கட்டி வைக்கும் இடத்தில் கரண்ட் இல்லை. தினமும் மாலை பேட்டரியைத் தூக்கி லயத்துக்கு, அதாவது தோட்டக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, கொண்டு வர வேண்டும். ஒன்று 28 கிலோ. மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது நாற்பது காலடிதான். பெப்ரவரி, மார்ச்சில் நீர்மட்டம் இறங்கும். 1969இல் அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுனின் கோயில்கூட அப்போது வெளியே தெரியும், பார்க்க ஆட்கள் வருவார்கள். எங்களுக்கு அந்த மாதங்களில்தான் வருமானம். அந்த மாதங்களில்தான் காய்ந்து வெடித்த சேற்றுச் சரிவில் நானூறு காலடி மேலே ஏற வேண்டும், தோளில் 28 கிலோவோடு, இரண்டு நடை.

ஒரு நாள் மச்சான் வழுக்கி முழங்காலில் விழுந்தார். பேட்டரி சாய்ந்து மூடித் துளை வழியாக அமிலம் முதுகில் வழிந்தது. கீழே ஓடித் தண்ணீருக்குள் இறங்கிப் பத்து நிமிடம் கழுவினோம். தோல் சிவந்ததோடு போனது. சட்டையோ அடுத்த துவைப்பில் சல்லடையானது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வீட்டிலும் ஒரு தவறு செய்தோம். லயத்துக் குசினி மூலையில்தான் ப்ளக் இருந்தது, அங்கேயே சார்ஜ் போட்டோம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். மூன்று அடி தள்ளி விறகு அடுப்பு! பெரியப்பா ஒரு நாள் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் முதலில் ப்ளக்கைக் கழற்றினார், அப்புறம்தான் என்னைத் திட்டினார். அன்றே வெளித் திண்ணையான இஸ்தோப்புக்கு வயர் இழுத்தோம். லயத்தில் இன்வேட்டர் பேட்டரி வைத்திருப்பவர்களும் தயவு செய்து இதைக் கவனியுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதானால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதில் உப்புகள் உண்டு. சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும், முன்னால் நிரப்பினால் சார்ஜில் பொங்கி வழியும். சார்ஜர் வாங்கும்போது சூட்டைப் பார்த்து வோல்ட்டைச் சரி செய்யும் வகையை வாங்குங்கள். நம் குளிருக்கு 14.4 போதாது, கொஞ்சம் கூட வேண்டும். இல்லாவிட்டால் முழுதாக ஏறாமலே வருடம் ஓடி, சல்பேட் படிந்துவிடும்.

2025 ஜனவரியில் மூன்றாவது முறை. அமிலம் சிந்தாத ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த ஈய அமில வகை) பற்றி யோசித்தோம். நல்ல வகைதான், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் பாரம் அதே பாரம். கடைசியில் லித்தியம் அயர்ன் பொஸ்பேட் இரண்டு எடுத்தோம், 100 ஆம்பியர் மணி. விலை டீப் சைக்கிளைப் போல மூன்று மடங்கு. பெண்சாதியின் சீட்டுக் காசும் அதில் போனது. ஆனால் ஒன்று 12 கிலோ. ஒரு கையில் ஒன்றாக ஒரே நடையில் ஏறிவிடலாம். நூற்றில் எண்பது வரை எடுக்கலாம் என்பதால் இரண்டில் 160 கிடைக்கிறது.

இதில் போலிகள் நிறைய. கடைக்குத் தொங்கு தராசு கொண்டு போனோம். அதே அளவு என்று காட்டிய ஒன்று 7 கிலோ சொச்சம்தான் இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டோம். உள்ளே செல் இருந்தால் பாரம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் லயத்துப் பின்னால் இருக்கும் சிமெந்துத் தொட்டியில் மோட்டாரைப் பொருத்தி, முழுதாகச் சார்ஜ் செய்த ஒரு பேட்டரியில் 20 ஆம்பியரில் ஓடவிட்டோம். தானாக நிற்கும்வரை 4 மணி 48 நிமிடம். 96 ஆம்பியர் மணி. மற்றதும் கிட்டத்தட்ட அதே. அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வாங்க நினைப்பவர்கள் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்கியூட், அதாவது பிஎம்எஸ், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். எங்கள் மோட்டார் 50 இழுப்பதால் 100 எடுத்தோம். சார்ஜரும் லித்தியத்துக்கானதாக இருக்க வேண்டும். பழைய சார்ஜரின் சல்பேட் நீக்கும் முறை 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும், இதற்கு அது கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணவும் கூடாது. மஸ்கெலியாவில் அந்தக் கவலை இல்லை, ஆனால் நுவரெலியாவில் கொழுந்து கருகும் பனி விழும் விடியலில் வெளியே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

மிக முக்கியமாக, வோல்ட்டைப் பார்த்து இதன் மிச்சத்தைக் கணிக்க முடியாது. 13.2 என்று நெடுநேரம் அசையாமல் நிற்கும், முடியும்போது சட்டென்று வெட்டிவிடும். முனகி எச்சரிக்கும் பழக்கம் இதற்கு இல்லை. அதனால் எத்தனை ஆம்பியர் மணி வெளியே போனது என்று எண்ணும் மீட்டர் கட்டாயம் வேண்டும். எங்களுடையதில் 30 சதவீதம் காட்டினால் எங்கே இருந்தாலும் கரைக்குத் திருப்புவோம். துடுப்பு இரண்டும் இன்றும் படகில்தான் கிடக்கின்றன. எஞ்சினின் இழுகயிறும் சரி பண்ணியாயிற்று.

எஞ்சினுக்கு மட்டும் பழையபடி ஈய அமில பேட்டரிதான். சிறிய எஞ்சின்களில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமலும் வரும், அதோடு லித்தியத்தை நேரடியாகச் சேர்ப்பது சரியில்லை. படகைக் கட்டி வைக்கும் இடத்திலேயே கரண்ட் இருப்பவர்களுக்கு, தூக்கிச் சுமக்கத் தேவை இல்லாதவர்களுக்கு, தண்ணீர் ஊற்றும் டீப் சைக்கிளே போதும் என்றுதான் இன்றும் சொல்வேன். மூன்று மடங்கு காசு கொடுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

செத்த பேட்டரிகளைக் கடைக்காரர் ஈயத்துக்காக நிறுத்து எடுத்துக்கொள்வார். அமிலத்தோடு அப்படியே கொடுங்கள், பாரம் குறைய வேண்டும் என்று ஓடையில் ஊற்ற வேண்டாம். மவுசாக்கலையை நிரப்பும் மஸ்கெலி ஓயாத் தண்ணீர் கீழே போய் களனி கங்கையில் சேர்கிறது, கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவது அந்தத் தண்ணீர்தான். அன்று அம்மாவின் கையை விடாமல் இருந்த பிள்ளையும் குடிப்பது அதைத்தான்.

இப்போது வெளியே மழை, படகைக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். எஞ்சின் பேட்டரியை மாதம் ஒரு தடவை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்கிறேன், ஈய அமிலத்தை நிரம்பிய நிலையில்தான் வைக்க வேண்டும். லித்தியம் இரண்டும் நேர்மாறு, பாதிச் சார்ஜில் வயரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. காலையில் பார்த்தபோது 54 சதவீதம். டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவுக்கு சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கும், அதற்கு முந்தின வாரம் இரண்டையும் எடுத்து நிரப்ப வேண்டும்.